பல்லில் பூச்சி இல்லை!

ஆண்டு மலரில் பல்லைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். சிரித்தால் கடைவாயில் ஓட்டை தெரியுமோ என்று வாயைப் பொத்திக்கொள்கிறவன் நான்.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு வாணியம்பாடி டேனரி ஒன்றில் கூலி வேலை. போன செமஸ்டர் பரீட்சைக்கு ராத்திரி கண் விழித்தபோது மணிக்கு ஒரு டீ, கூடவே பிஸ்கட். ஒருநாள் கடைவாய்ப் பல் விண்விண்ணென்று தெறித்தது. "பூச்சி அரிக்குதுடா" என்று ஆயா கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்க வைத்தாள். பூச்சி விழவில்லை, கண்ணீர்தான் விழுந்தது. கடைசியில் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அப்பாவின் மூன்று நாள் கூலி போயிற்று.

பல் டாக்டர் விளக்கினார். "பூச்சியெல்லாம் கிடையாது தம்பி. எல்லார் வாயிலும் நூற்றுக்கணக்கான வகை பாக்டீரியா உண்டு. பெரும்பாலும் தொல்லை தராது. நீ ஓயாமல் சர்க்கரை கொடுத்தால், அதை அமிலமாக்குகிற கூட்டம் பெருகி மற்றதை அமுக்கிவிடும்." அந்தக் கூட்டத்தில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924-இல் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்.

கெமிஸ்ட்ரி லேபில் பி.எச். பார்த்திருக்கிறோம் அல்லவா? வாயில் அது சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரைமணி, ஒருமணி ஆகும். அதற்குள் நான் அடுத்த டீயைக் குடித்துவிடுவேன்! எவ்வளவு இனிப்பு என்பதோடு, எத்தனை தடவை என்பதும் கணக்கு.

இதை அப்பாவிடம் சொன்னேன். பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர் சட்டென்று சொன்னார்: "தோலும் அப்படித்தாண்டா. உப்பு போடாம உட்டா அழுவிப் பூடும். கிருமிய அடியோட ஒழிக்க முடியாது. பெருக உடாம வச்சிக்கணும்."

மூன்று பக்கம் நோட்ஸ் எடுத்த எனக்கு, விஷயம் அப்போதுதான் முழுதாக விளங்கியது. அவர் பேசும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அப்பா வாயில் நாலு பல் இல்லை. கூலி போய்விடுமே என்று, வலியைக் கிராம்பு வைத்தே அடக்கியவர். என் ஒரு பல்லுக்கு மட்டும் கணக்குப் பார்க்கவில்லை.

நண்பர்களே, ஃப்ளோரைடு பேஸ்ட்டால் இரண்டு வேளை பல் துலக்குங்கள். ராத்திரி துலக்குவதை விடாதீர்கள். இனிப்பைச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இல்லாத டீ முதல் வாரம் கசக்கும், பிறகு பழகிவிடும். மிச்சமாகிற பிஸ்கட் காசைச் சேர்த்து வருகிறேன். அடுத்து பல் டாக்டரிடம் போகப்போவது அப்பா!