ஆறு பங்கு கடல்நீர்

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பம் கரையில் இன்னும் வெயில் ஏறவில்லை. இழுத்துப் போட்ட பைபர் படகுகளுக்குப் பக்கத்தில் நீல கேன்கள் வரிசையாக நின்றன. இருபது லிட்டர் கேன், மொத்தம் இருபத்து நான்கு. மூடிகளில் பெயிண்டால் எண் எழுதியிருந்தது, ஒன்றிலிருந்து ஆறு வரை. டாடா ஏஸிலிருந்து அவற்றை இறக்கியவர்களும் ஆறு பேர்தான்.

இந்த ஊரின் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு 2023 மே மாதத்துக் கள்ளச்சாராயச் சாவுகள்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தத் துக்கம் இங்குள்ள வீடுகளை விட்டுப் போகவில்லை. ஆனாலும் இது தினமும் கடலுக்குப் போய் வருகிற ஊர். நான் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். யாரோடும் பேசவில்லை.

வந்தவர்கள் கடல்மீன் தொட்டி வளர்ப்பவர்கள். பாதிப் பேர் சென்னை, பாதிப் பேர் புதுச்சேரி. நன்னீர் மீன் என்றால் சென்னைக் கொளத்தூர் மீன் கடைகளில் சில நூறு ரூபாயோடு தொடங்கிவிடலாம். கடல்மீன் அப்படியல்ல. உப்புக் கலவை, நுரை பிரிக்கும் கருவி, விளக்கு, நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் என்று ஒவ்வொன்றும் ஆயிரங்களை விழுங்கும். தனியாகத் தொடங்கியவர்களில் பலர் ஒரு வருஷத்துக்குள் தொட்டியை விற்றுவிடுகிறார்கள். அதற்குள் மீன்கள் செத்திருக்கும். எனக்குப் பணம் போனதைவிட அதுதான் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

இரண்டு பேர் படகில் ஏறி, அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய், கலங்கல் இல்லாத தண்ணீரை நிரப்பி வந்தார்கள். வலைக்கூடத்து நிழலிலிருந்து ஒரு தாத்தா எழுந்து வந்தார்.

"காசு குடுத்து கடத்தண்ணி எடுத்துனு போறீங்களே தம்பி, எதுக்கு?"

"வீட்ல தொட்டில மீன் வளக்கிறோம் தாத்தா."

"எத்தன மீனு?"

"ஆளுக்கு நாலஞ்சு."

தாத்தா சிரிக்கவில்லை. ஒரு கேனில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "இப்ப நல்லாருக்கு. மழ காலத்துல எடுக்காதீங்க, சப்புனு இருக்கும்."

எல்லோரும் 'டீச்சர்' என்று கூப்பிட்ட பெண் பையிலிருந்து ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்தார். கண்ணாடி முகத்தில் இரண்டு சொட்டு விட்டு, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். "முப்பத்து நாலு. தாத்தா சொன்னது சரிதான், கார்த்திகையில எடுத்தது இருபத்தேழுதான் இருந்துச்சு." நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டார். ஆறு வீட்டுக்கும் அந்த ஒரு கருவிதான். கால்சியம், காரத்தன்மை பார்க்கும் மருந்துப் பெட்டியும் ஒன்றுதான். தனி ஆள் வாங்கினால் பாதி மருந்து தீருவதற்குள் தேதி முடிந்துவிடும். ஆறு பேர் என்றால் கடைசிச் சொட்டுவரை செலவாகும்.

இந்தத் தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்ற மாட்டார்கள். மரக்காணம் கரையோரத்து இறால் குஞ்சு பொரிப்பகங்களில் செய்வதுபோல் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கிருமியைக் கொன்று, காற்று ஓடவிட்டு, ஹைப்போ போட்டுக் குளோரினை முறித்த பிறகுதான் மீனுக்கு.

வண்டியில் இரண்டு மூட்டை கல்லுப்பும் இருந்தது. வருகிற வழியில் மரக்காணம் உப்பளத்தில் வாங்கியது. கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த கல்லூரி மாணவன் கேட்டான்: "இந்த உப்பையே தண்ணில கலந்தா போதாதா சார்? எதுக்கு வெளிநாட்டு உப்பு, எதுக்கு இவ்ளோ தூரம்?"

மூக்குக் கண்ணாடி போட்ட பெரியவர் பதில் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. பையன் தப்பாகக் கேட்டுவிட்டதாக அவர் காட்டிக்கொள்ளவே இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் நாம் சாப்பிடும் உப்பு 27 கிராம் அளவுக்குத்தான். பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம், அதன் பிறகுதான் உப்பு பூக்கும். மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு போய்விடும். "உப்பளக்காரர் கடலைப் பிரிச்சு ஒரு பங்கை மட்டும் நமக்குத் தர்றார். நம்ம உயிருங்களுக்கு எல்லாப் பங்கும் வேணும்" என்றார்.

அப்படியானால் மூட்டை எதற்கு? வலைக்கூடத்துக்குப் பின்னால், அலை எட்டாத இடத்தில், ஈர மணலில் கையால் குழி பறித்தார்கள். வெள்ளை சிமெண்ட் ஒரு படி, கோழித் தீவனத்துக்கு விற்கும் கிளிஞ்சல் தூள் இரண்டு படி. கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கடைசியில் கல்லுப்பு இரண்டு படி. முன்னாலேயே போட்டால் கரைந்துவிடுமாம். கலவையைக் குழிகளில் வைத்து, விரலால் துளையிட்டு, மேலே மணலைத் தூவினார்கள். இறுகியபின் எடுத்து நல்ல தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பெல்லாம் கரைந்து வெளியேறும். உப்பு இருந்த இடம் பொந்தாகும். மீன் கழிவின் நஞ்சை முறிக்கும் பாக்டீரியா குடியேற அந்தப் பொந்துகள்தான் வேண்டும். கடையில் விலை கொடுத்து வாங்கும் பாறை செய்யும் வேலையை இந்தக் கல்லும் செய்யும்.

கடலிலிருந்து பாறையோ பவளமோ எடுப்பதில்லை என்பது இவர்களுடைய முதல் விதி. வெளிநாட்டுச் சங்கங்களில் வீட்டுத் தொட்டியில் வளர்ந்த பவளத்தைக் கிளை வெட்டி ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்கிறார்கள். அங்கே செலவு குறையும் பெரிய வழி அதுதான். இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் பவளப்பாறைகள் இருக்கின்றன. நியாயமான சட்டம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. அந்தப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியே தீர்த்த காலம் ஒன்று இருந்தது. கண்ணாடித் தொட்டியின் அழகுக்காக ஒரு கிளையைக்கூட யாரும் ஒடிக்கக் கூடாது.

மாற்றிக்கொள்ள இவர்களிடம் வேறு பொருள் இருக்கிறது. டீச்சர் ஒரு தெர்மக்கோல் பெட்டியைத் திறந்தார். உள்ளே காற்றடைத்த பையில் நான்கு கோமாளி மீன் குஞ்சுகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அவர் வீட்டில் பிறந்தவை. பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் விஞ்ஞானிகள் செய்து காட்டியதை அவர் வீட்டு மாடியில் செய்திருக்கிறார். ஓட்டின்மேல் இட்ட முட்டையை அப்பன் மீன் துடுப்பால் விசிறிக் காக்கும். ஏழெட்டு நாளில், விளக்கணைந்த பிறகு, இருட்டில் பொரிக்கும். பொரித்த குஞ்சுக்குக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ரோட்டிஃபர் என்ற உயிர்தான் முதல் தீனி. ஒருமுறை அவர் வளர்த்த ரோட்டிஃபர் மொத்தமும் ஒரே ராத்திரியில் செத்துப்போனது. மறுநாள் காலையில் பெரியவர் ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். இந்த நான்கும் அந்தப் பாட்டிலில் பிழைத்தவை. இன்று அந்தப் பை பெரியவர் கைக்குப் போயிற்று. பணம் எதுவும் மாறவில்லை.

டீக்கடை பெஞ்சில் ஃபெஞ்சல் புயல் பேச்சு வந்தது. 2024 நவம்பர் 30 இரவு, புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்தபோது, ஒருவர் வீட்டில் மின்சாரம் இல்லை. கடல்மீன் தொட்டியில் நீரோட்டம் நின்றால் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் குறைந்துவிடும். இரண்டு தெரு தள்ளியிருந்த இன்னொருவர் முழங்கால் தண்ணீரில் பேட்டரி பம்பைத் தலையில் வைத்து எடுத்துப் போயிருக்கிறார். சொன்னவர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். பம்பைச் சுமந்தவர் எதிர் பெஞ்சில் குனிந்து வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கணக்கு. படகு வாடகை, வண்டிக்கு டீசல், உப்பு, சிமெண்ட், கிளிஞ்சல் எல்லாம் கூட்டி ஆறாக வகுத்தார்கள். மாணவனுக்கு வந்த பங்கு, இதே வேலைக்கு அவன் தனியாக ஒரு வண்டி பிடித்து வந்திருந்தால் ஆகும் வாடகையில் பாதிகூட இல்லை. தாத்தா எட்டிப் பார்த்தார். "எங்க படகுக் கணக்குதான் இது. செலவக் கழிச்சிட்டுப் பங்கு."

வெயில் ஏறியது. மணலில் புதைந்த கற்களை அன்றைக்கே எடுக்க முடியாது. "இங்கயே கெடக்கட்டும்மா, நாய் கெளறாம பாத்துக்கறன்" என்று தாத்தா வீட்டு அம்மா டீச்சரிடம் சொல்லி, குழிகளின்மேல் பழைய வலையை இழுத்துப் போட்டார்.

வண்டி கிளம்பும்போது மாணவன் கேட்டான், அடுத்த வாரமே தொட்டி வாங்கிவிடட்டுமா என்று. பெரியவர் தலையாட்டி மறுத்தார். சிமெண்டின் காரம் இறங்க ஆறு வாரமாவது தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வேண்டும். அதுவரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் வீட்டுக்கு வந்து தொட்டி கழுவக் கற்றுக்கொள். புதுத் தொட்டி வாங்காதே, என்னிடம் பழையது ஒன்று சும்மா இருக்கிறது என்றார்.