பத்தாயிரம் சுற்று

லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கச்சேரிக்காரர்கள் ஆம்ப்ளிஃபயரைப் பழுதுபார்க்கத் தூக்கி வருவார்கள். வந்த இடத்தில் தங்கள் கஷ்டத்தையும் கொட்டிவிட்டுப் போவார்கள். ஆளுயர டபுள் பேஸைக் காரில் ஏற்றுவதே பெரும்பாடு, ஏற்றி இறக்கி மேடையில் நிறுத்தினாலும் டிரம்ஸ் சத்தத்தில் அது காதில் விழுவதில்லை என்பது அந்தக் கஷ்டங்களில் ஒன்று. 1951இல் அவர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் இதற்குப் பதில். தோளில் மாட்டிக்கொள்ளலாம், ஆம்ப்ளிஃபயரில் செருகலாம், ஃப்ரெட் இருப்பதால் விரல் சற்று முன்பின் விழுந்தாலும் சுருதி தப்பாது. அன்று அவர் வைத்த 34 அங்குலத் தந்தி நீளம்தான் இன்றுவரை பேஸ் கிட்டாரின் வழக்கமான அளவு.

பட்டறையில் பிறந்த வாத்தியம் இது. மரவேலையும் லேத்தும் மோட்டார் வைண்டிங்கும் தெரிந்த ஊர் எதுவானாலும் இதைச் செய்துவிடும் என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். பம்பு செட்டும் வார்ப்படமும் செய்து வளர்ந்த கோயம்புத்தூரைவிட அதற்குத் தோதான ஊர் எது?

அங்கே கணபதி என்ற பகுதியில் நான் தேடிப் போன இடத்துக்குப் போர்டு கிடையாது. முன்பக்கம் லேத்தில் ஒருவர் புஷ் கடைந்துகொண்டிருந்தார். "கிட்டாருங்களா? பின்னாடி போங்க" என்று தலையைத் தூக்காமலே சொன்னார். பின்னால் ஒரு தகரக் கொட்டகை. சுவரில் வரிசையாகக் கிளாம்புகள், மூலையில் பாண்ட்சா, கொடியில் சட்டை காயப்போடுவது போலத் தொங்கும் ஐந்தாறு கழுத்துகள். நடத்துபவர் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவர். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று சுற்றியவர். பேரைப் போட வேண்டாம் என்றார். கையில் இருக்கிற ஆர்டரை முடிக்கவே ஆள் போதவில்லையாம்.

"கீபோர்டுக்காரரே எடது கையில பேஸையும் போட்டுடறாருங்ணா. தனியா ஒரு ஆளுக்கு எதுக்குச் சம்பளம்னு கேக்கறாங்க. மேடை கொறஞ்சுது, ரிப்பேர் பண்ண ஆரம்பிச்சேன். ரிப்பேர் பண்ணப் பண்ண, இத நாமளே செஞ்சரலாமேன்னு தோணிருச்சு."

நான் எனக்கு வேண்டிய கிட்டாரின் விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். "என்ன வேணுங்கறத அப்பறம் பாப்பம். எந்த பேஸ் லைன் புடிக்கும், மொதல்ல அதச் சொல்லுங்க."

எனக்கு முதலில் இளையராஜாதான். 'இளையநிலா' என்றால் எல்லோரும் சந்திரசேகரின் கிட்டாரைச் சொல்வார்கள். பயணங்கள் முடிவதில்லை வந்த 1982இலிருந்து அந்தக் கிட்டாரை வாசித்துக் காட்டாத கல்லூரி விடுதி இருந்திருக்காது. அடியில் சசிதரனின் பேஸ் என்ன செய்கிறது என்று கவனித்தவர்கள் குறைவு. பாடகர் மூச்சு வாங்கும் இடங்களில் அது தன் பாட்டுக்கு ஒரு வழி நடந்துவிட்டு, அடுத்த அடிக்குச் சரியாக வந்து சேரும். 1995இல் வந்த அவதாரம் படத்தின் 'தென்றல் வந்து' இன்னும் ஒருபடி மேல். பாட்டை எடுத்துவிட்டு பேஸை மட்டும் முணுமுணுத்தாலும் அது ஒரு முழு மெட்டு. பாஹ் எழுதியதைப் போல மேலே ஒரு மெட்டு, கீழே அதற்கு எதிர்மெட்டு என்று பேஸுக்கும் தனியாக நொட்டேஷன் எழுதித் தந்த இசையமைப்பாளரால்தான் இது முடியும்.

இதையெல்லாம் நான் கேட்டுப் பழகியது பொள்ளாச்சி போகும் தனியார் பஸ்ஸில். வீட்டு டிரான்சிஸ்டருக்கு அந்தத் தெம்பு இல்லை. பேஸின் தடித்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்வது. உள்ளங்கை அகல ஸ்பீக்கரால் அதைக் கிளப்ப முடியாது. மேலே உள்ள கிளைச் சுரங்களை மட்டும் அது அனுப்பும், விட்டுப்போன அடிச்சுரத்தை நம் காதே இட்டு நிரப்பிக்கொள்ளும். ஒரு தலைமுறை முழுவதும் பேஸை அப்படித்தான் பாதி கேட்டு, மீதியை ஊகித்து ரசித்தது. பஸ் டிரைவர் தன் சீட்டுக்குப் பின்னால் வைத்த ஊஃபர்தான் எங்களுக்கு அடிச்சுரத்தை அறிமுகம் செய்தது.

இரண்டாவது, ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட்டில் மோட்டவுன் கம்பெனியின் பாட்டுகளுக்கு ஸ்டூடியோவில் உட்கார்ந்து வாசித்தவர். 1962 மாடல் பிரிசிஷன், தட்டையாகச் சுற்றிய ஃபிளாட்வூண்ட் தந்தி, அதை மீட்ட ஒரே ஒரு ஆள்காட்டி விரல். தந்தி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டாராம். அந்தப் பாட்டுகளைக் கேட்டு உலகமே ஆடியது; தட்டின் உறையில் வாசித்தவர் பெயர் இருக்காது. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தட்டில்தான் அவர் பெயர் அச்சில் வந்தது. நம் ஊர் கேசட் அட்டைகளிலும் பேஸ் வாசித்தவர் பெயரைத் தேடித் தோற்றவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

மூன்றாவது ஜாக்கோ பாஸ்டோரியஸ். ஃபெண்டர் ஜாஸ் பேஸின் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி, பள்ளங்களை அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்சியை மேலே பூசிக்கொண்டவர். 1976இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வாசிப்பதை நிறுத்திவிடலாமா என்று யோசித்த பேஸ்காரர்கள் உண்டு.

பட்டறைக்காரர் இதையெல்லாம் ஒரு டாக்டர் மாதிரி குறித்துக்கொண்டார். "ஜேமர்சனுக்கு ஸ்பிளிட் காயில், ஃபிளாட்வூண்ட். ராஜா சாருக்கு மேல் தந்தி நல்லாப் பாடணும், எந்த எடத்துலயும் சுரம் செத்துப் போகப்படாது. ஜாக்கோவுக்கு ஃப்ரெட் இருக்கக் கூடாது. மூணையும் ஒரே கழுத்துல வெக்க முடியாதுங்ணா. ஒருத்தர விட்ருங்க." ஜாக்கோவை விட்டேன். வருத்தம்தான், ஆனால் ஃப்ரெட் இல்லாத கழுத்தில் சுருதி நிற்கும் அளவுக்கு என் காது இருந்திருந்தால் நான் இந்நேரம் கட்டுரை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கழுத்து ஆசாரியார் கையில். கதவு நிலை, கட்டில் என்று செய்துவந்தவர். மூன்று மேப்பிள் பட்டைகளை ரேகை எதிரெதிராக வரும்படி ஒட்டி, உள்ளே எஃகு டிரஸ் ராட் வைத்து, மேலே தோதகத்திப் பலகை. நான்கு தந்திகளும் சேர்ந்து எழுபது எண்பது கிலோ இழுவை இழுக்கும். ராட் இல்லாவிட்டால் கழுத்து வளைந்துவிடும். தோதகத்தி என்பதுதான் இந்திய ரோஸ்வுட்; இங்கே பழைய கட்டில் சட்டத்திலிருந்து அறுத்தது. பிரேசில் ரோஸ்வுட் அருகிப்போய், மார்ட்டின் போன்ற கம்பெனிகள் 1969 வாக்கில் இந்திய ரோஸ்வுட்டுக்கு வந்தன. இன்று உலகத்தின் எத்தனையோ கிட்டார்களில் நம் மலைக்காட்டு மரம் இருக்கிறது. இந்த மரத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டமே வந்தது. அதிலிருந்து, பழைய வீடு இடிக்கிற செய்தி வந்தால் ஆசாரியார் முதல் ஆளாகப் போய் நிற்கிறார்.

அவர் ஃப்ரெட் கோடு போடுவதைப் பார்த்தேன். முதல் ஃப்ரெட், தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் நட்டிலிருந்து 48.47 மில்லிமீட்டர். பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 17 அங்குலத்தில். ஒவ்வொரு கோட்டையும் நட்டிலிருந்தே அளக்கிறார். முந்தைய கோட்டிலிருந்து அளந்தால் மயிரிழைப் பிசகு சேர்ந்து சேர்ந்து கடைசி ஃப்ரெட்டில் ஸ்வரமே மாறிவிடும்.

உடல் மரம் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம். எலெக்ட்ரிக் பேஸில் உடல் மரத்துக்குப் பெரிய பங்கு இல்லை என்பது என் கட்சி. பிக்கப்புக்குக் கேட்பது காந்தப்புலத்தில் ஆடும் எஃகுத் தந்தி மட்டுமே. கழுத்து விறைப்பாக இருந்தால் போதும், உடல் எடை குறைவாக இருந்தால் தோளுக்கு நல்லது. ஆசாரியார் பதில் பேசவில்லை. ஒரு மகோகனிப் பலகையையும் ஒரு மலைவேம்புப் பலகையையும் விரல் முட்டியால் தட்டினார். மகோகனி கணீரென்றது, மலைவேம்பு பொத்தென்றது. "காது இருக்குதுங்களா, இல்லீங்களா?" என்றார். நான் என் கட்சியை விடவில்லை. ஆனாலும் மகோகனியே எடுத்துக்கொண்டேன். மலைவேம்பில் ஸ்க்ரூ பிடிப்பு போதாது என்று பட்டறைக்காரர் சொன்னதால்தான், ஆசாரியாருக்காக இல்லை.

பிக்கப்புக்குக் காயில் கட்டுகிற அக்கா மதியத்துக்கு மேல் வந்தார். பம்பு மோட்டாருக்கு வைண்டிங் போட்டே வயதானவர். தையல் மெஷின் மோட்டாரில் ஒரு கவுண்டரைப் பூட்டிய சின்ன மெஷின். கம்பி 42 கேஜ், 0.063 மில்லிமீட்டர் எனாமல் செம்பு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் தெரிகிறது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கம்பி ஓட, பாபினின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் விரல் போய்ப் போய் வருகிறது. இறுக்கிப் பிடித்தால் அறுந்துவிடும். தளர விட்டால் காயில் உள்ளே அதிர்ந்து ஆம்ப்ளிஃபயரில் கீச்சிடும். ஒரு பாபினுக்கு ஏறக்குறைய 10,000 சுற்று.

கவுண்டர் ஆறாயிரத்தைத் தாண்டியபோது கம்பி அறுந்தது. மெஷினை நிறுத்தி, பிளேடால் சுற்றியதையெல்லாம் கீறி எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கினார். சால்டர் வைத்து ஒட்டக் கூடாதா என்று கேட்டேன்.

"மோட்டாரா இருந்தா ஒட்டுப் போட்டு ஓட்டிரலாம் கண்ணு. இதுல அந்த எடம் ஒரு நாளைக்குப் போயிரும். கச்சேரி நடுவுல போனா யாரத் திட்டுவாங்க?"

ஸ்பிளிட் காயில் பிக்கப் ஃபெண்டர் கம்பெனி 1957இல் கொண்டுவந்தது. இரண்டு தந்திக்கு ஒரு பாபின், மற்ற இரண்டுக்கு இன்னொன்று. ஒன்றை வலச்சுற்றாகவும் மற்றதை இடச்சுற்றாகவும் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக வைத்தால், மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். தந்தியின் ஒலி மட்டும் கூடி வரும். இதை நான் அக்காவுக்கு விளக்கப் போனேன். அவர் ஏற்கெனவே பாபின்களில் பென்சிலால் அம்புக்குறி போட்டு வைத்திருந்தார். "த்ரீ ஃபேஸ்ல ஒரு காயில் தெச மாறிப் போச்சுன்னா மோட்டார் உறுமும். இதுல தெச மாத்தாட்டி உறுமும். அவ்வளவுதான வித்தியாசம்?"

ஃபுல்லர்ட்டனிலும் இந்த வேலையைப் பெண்களே செய்தார்கள் என்று சொன்னேன். அபிகெயில் இபாரா என்ற அம்மாள் 1950களில் ஃபெண்டரில் சேர்ந்து, 2013இல் ஓய்வு பெறும்வரை பிக்கப் சுற்றினார். அவர் தம் பெயரின் முதலெழுத்துகளைப் போட்ட பிக்கப் என்றால் வாங்குகிறவர்கள் விலை பேசாமல் எடுத்துக்கொள்வார்கள். அக்கா கையை நிறுத்தாமல் கேட்டார்: "அந்தம்மாவுக்கு ஒரு காயிலுக்கு எவ்வளவு குடுத்தாங்களாம்?" பட்டறைக்காரர் எழுந்து டீ சொல்லப் போய்விட்டார்.

இரண்டு பாபினும் முடிந்ததும் மீட்டரில் 10.6 கிலோ ஓம் காட்டியது. பிறகு உருக்கிய மெழுகில் முக்கி எடுக்க வேண்டும். மோட்டாருக்கு வார்னிஷ், இதற்கு மெழுகு. காயிலுக்குள் இருந்து குமிழி வருவது நின்றால் உள்ளே காற்று இல்லை என்று கணக்கு.

டெட் ஸ்பாட் என்பதைப் படித்திருக்கிறேன், அங்கேதான் கண்ணால் பார்த்தேன். பட்டறைக்காரர் முடிந்த ஒரு பேஸை எடுத்து மேல் தந்தியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்தார். நான்காவது வரை நன்றாக நீண்டது. ஐந்தாவதில் சுரம் தொட்டவுடன் சுருண்டது. ஆறாவதும் அப்படியே. எட்டில் மறுபடி தெளிந்தது. பிறகு ஒரு இரும்பு ஜி-கிளாம்பைத் தலைப்பகுதியில் முடுக்கிவிட்டு அதே ஐந்தாவது ஃப்ரெட்டை மீட்டினார். கணீரென்று நின்று ஒலித்தது. கழுத்துக்கும் தனக்கென்று ஓர் அதிர்வு உண்டு. அது 130, 140 ஹெர்ட்ஸ் பக்கம் விழுந்தால், அங்கே மீட்டுகிற தந்தியின் தெம்பைக் கழுத்து வாங்கிக்கொள்கிறது. தலையில் எடை கூட்டினால் கழுத்தின் அதிர்வு கீழே இறங்கி, அந்தச் சுரம் தப்பித்துவிடும். பேர் பெற்ற பழைய ஃபெண்டர்களிலும் இந்தக் குறை உண்டு. அதே சுரத்தை அடுத்த தந்தியின் பத்தாவது ஃப்ரெட்டில் எடுத்துக்கொண்டு பேஸ்காரர்கள் சமாளித்துவிடுவார்கள்.

கிளாம்போடு மேடையேற முடியாது. கழுத்துக்குள் டிரஸ் ராடுக்கு இருபுறமும் கார்பன் ஃபைபர் பட்டை வைத்து விறைப்பைக் கூட்டலாம் என்றார். அந்த அதிர்வு மேலே நகரும், ஒரேயடியாகப் போகாது. "போயிரும்னு சொல்றவன நம்பாதீங்க." பிரிட்ஜைப் பித்தளையில் முன்பக்க லேத்காரரே செய்கிறார். பெயிண்ட் அடிப்பது கார் டிங்கரிங் கடையில்.

கவிழ்த்து வைத்த என் தாளைத் திருப்பி, ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் நின்றவை: நான்கு தந்தி, 34 அங்குலம், மகோகனி உடல், ஸ்பிளிட் காயில் ஒன்று, ஒரு வால்யூம், ஒரு டோன், மொத்த எடை நான்கு கிலோவுக்குள். விலை லட்சத்தைத் தாண்டும். முன்பணம் பாதி. எப்போது கிடைக்கும் என்றதற்குக் காலண்டரைப் பார்த்தார்.

"ஐப்பசி, கார்த்திகையில லாக்கர் அடிச்சா ஈரத்துக்கு வெளுத்துப் போயிருங்ணா. மழ நிக்கட்டும், அப்பறம் அடிச்சு ஒரு மாசம் ஆறப்போடணும். தை கடைசியில வாங்க. வரும்போது நீங்க மாட்டற ஸ்ட்ராப்பக் கொண்டாந்துருங்க, தல கீழ சாயுதான்னு அத மாட்டித்தான் பாக்கோணும்."