அதிராத தரையைத் தேடி வந்த அறிவியல்

2018இல் தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளைப் பாழாக்கிய படைப்புழுவை நம் விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். அதே பூச்சியினத்தின் செல்களில் வளர்த்தெடுத்த புரதத்தைக் கொண்டு ஒரு கொரோனா தடுப்பூசி தயாரானது. புனேயின் சீரம் நிறுவனம் அதை ‘கோவோவேக்ஸ்’ என்ற பெயரில் தயாரித்தது. 2021 டிசம்பரில் இந்தியா அதற்கு அவசரகால அனுமதி கொடுத்தது. அதை முதலில் உருவாக்கிய நோவாவேக்ஸ் நிறுவனத்தின் முகவரியைத் தேடியபோதுதான் கேதர்ஸ்பர்க் என்ற ஊர்ப்பெயர் என் கண்ணில் பட்டது.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், வாஷிங்டனுக்கு வடமேற்கே இருக்கிற புறநகர் அது. பேர்பெற்ற பல்கலைக்கழகம் எதுவும் அங்கே பிறக்கவில்லை. துறைமுகமும் கிடையாது. 1960 கணக்கெடுப்பின்போது அங்கே 4,000 பேர்கூட இல்லை. சுற்றிலும் மாட்டுப்பண்ணைகளும் வயல்களும்தான். அப்படிப்பட்ட ஊருக்கு ஆய்வகங்கள் எப்படி வந்து சேர்ந்தன? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆண்டுகளைப் பின்னோக்கிப் புரட்டினேன்.

முதலில் எதிர்ப்பட்டது 1995. தன்னிச்சையாக வாழும் ஓர் உயிரின் முழு மரபணுத் தொகுப்பும் முதன்முறையாகப் படித்து முடிக்கப்பட்ட ஆண்டு அது. ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே என்ற அந்தப் பாக்டீரியாவின் 18 லட்சத்துச் சொச்சம் எழுத்துகளை வரிசைப்படுத்தியது கிரெய்க் வென்டர் நிறுவிய மரபணு ஆய்வு நிறுவனம். ஆய்வறிக்கையில் அச்சாகியிருக்கும் முகவரி, கேதர்ஸ்பர்க்கின் கிளாப்பர் சாலை. அதற்கு முன்பே, 1988இல் தொடங்கப்பட்ட மெட்இம்யூன் நிறுவனம் அங்கே வளர்ந்துகொண்டிருந்தது. குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸுக்கு எதிரான சினாஜிஸ் மருந்துக்கு அது 1998இல் அனுமதி பெற்றது. 2007இல் அஸ்ட்ராஜெனகா அந்த நிறுவனத்தை 1,500 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. தேசியச் சுகாதார ஆய்வு நிலையங்கள் பெதஸ்டாவில் இருக்கின்றன. மருந்துகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் அருகில் இருப்பது மருந்து நிறுவனங்களுக்கு வசதி. அது புரிகிறது. ஆனால் இவர்கள் வருவதற்கு முன்பே அந்த ஊர் அறிவியலுக்குப் பழகியிருந்தது.

பழக்கியது அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனம். நிஸ்ட் என்று இன்று அழைக்கப்படுகிற அது 1901இல் தொடங்கியது. பல ஆண்டுகள் வாஷிங்டன் நகருக்குள்ளேயே இயங்கியது. சுற்றிலும் நகரம் பெருகப் பெருக, வண்டிகளின் அதிர்வும் மின்சார இடையூறும் நுண்ணிய கருவிகளைத் தொந்தரவு செய்தன. கட்டடங்களும் பழசாகிவிட்டன. இன்னொரு பக்கம் அணுகுண்டுப் பயம். தலைநகர்மீது குண்டு விழுந்தாலும் அரசு அலுவலகங்கள் தப்ப வேண்டும் என்று அவற்றைத் தள்ளித்தள்ளி வைக்கத் திட்டமிட்ட காலம் அது. அணுசக்தி ஆணையம் பக்கத்து ஜெர்மன்டவுனுக்குப் போனதும் அதனால்தான். 1956இல் கேதர்ஸ்பர்க்கின் விளைநிலம் 500 ஏக்கருக்கும் மேல் கையகமானது. 1966இல் வளாகம் முறைப்படி திறக்கப்பட்டது.

அந்த வளாகத்தில் நடந்தவற்றில் ஒரு காலைப்பொழுதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். 1982 ஏப்ரல் 8. இஸ்ரேலிலிருந்து வந்து அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த டான் ஷெக்ட்மன், சட்டென்று உறையவைத்த அலுமினியம்-மாங்கனீஸ் கலவை ஒன்றை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நடுப்புள்ளியைச் சுற்றிப் பத்து ஒளிப்புள்ளிகள், சம இடைவெளியில். படிகங்களில் அப்படி ஓர் அமைப்பு வரவே முடியாது என்பது அன்றைய பாடம். குறிப்பேட்டில் ‘பத்து மடங்கு’ என்று எழுதி, பக்கத்தில் மூன்று கேள்விக்குறிகள் போட்டார். இரண்டு முறை நோபல் வாங்கிய லைனஸ் பாலிங்கே கடைசிவரை அதை ஏற்கவில்லை. 2011இல் வேதியியல் நோபல் பரிசு ஷெக்ட்மனுக்குக் கிடைத்தது. அணுக்களை லேசர் ஒளியால் குளிரவைத்து 1997இல் இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட வில்லியம் பிலிப்ஸும் இதே வளாகத்துக்காரர்தான். கிலோகிராமுக்கு உலோகப் படிக்கல் தேவையில்லை, இயற்கையின் மாறிலியே போதும் என்று 2019 மே 20 முதல் உலகம் மாறியதே, அதற்கான அளவீடுகளைத் தந்த தராசுகளில் ஒன்றும் அங்கேதான் நின்றது.

தேடலை இங்கேயே முடித்திருக்கலாம். பெரும்பாலான ஊர்க்குறிப்புகளும் இங்கேதான் தொடங்குகின்றன. ஆனால் ஊரின் பழைய பகுதியில் டிசெல்லம் அவென்யூ என்ற தெருவில் ஒரு மரக்கொட்டகை இருக்கிறது. நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர்தான் இருக்கும். கூரை இரண்டாகப் பிரிந்து, தண்டவாளத்தின்மேல் இருபுறமும் நகரும். 1899இல் கட்டிய வானாய்வகம் அது.

பூமி, சுழலும் பம்பரத்தைப் போல, தன் அச்சில் லேசாகத் தள்ளாடுகிறது. சுமார் 14 மாதங்களுக்கு ஒரு சுற்று வரும் இந்தத் தள்ளாட்டத்தை 1891இல் சேத் சாண்ட்லர் கண்டறிந்தார். துருவம் நகர்வது சில மீட்டர்தான். அதை அளக்க உலகைச் சுற்றி ஒரே அட்சரேகையில், 39 டிகிரி 8 நிமிடத்தில், ஆறு இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: ஜப்பானில் மிசுசாவா, இன்றைய துர்க்மெனிஸ்தானில் சார்ஜுய், இத்தாலியில் கார்லோஃபோர்ட்டே, அமெரிக்காவில் சின்சினாட்டி, யூகியா, கேதர்ஸ்பர்க். ஆறு இடத்திலும் அதே விண்மீன்களை இணை இணையாகப் பார்த்தார்கள். உச்சிக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. உச்சியிலிருந்து இரண்டும் விலகியிருக்கும் கோணங்களின் வித்தியாசம்தான் கணக்கு. விண்மீனின் இடத்தில் ஏதும் பிழை இருந்தால் அது ஆறு ஊருக்கும் பொதுவாகிவிடும். எஞ்சுவது பூமியின் அசைவு மட்டும். நிதி இல்லாமல் 1915இல் மூடிய கேதர்ஸ்பர்க் ஆய்வகம் 1932இல் மீண்டும் திறந்து 1982 வரை இயங்கியது.

என் தேடலில் கிடைத்த விடை இதுதான்: அமைதிக்காகத்தான் அறிவியல் அந்த ஊரைத் தேடிப் போனது. இருண்ட வானம், அதிராத தரை, தலைநகரிலிருந்து பாதுகாப்பான தூரம். அப்படி வந்த ஆய்வகங்களே கூட்டத்தையும் கூட்டிவந்தன. நிஸ்ட் 2004இல் முடித்த புதிய அளவீட்டு ஆய்வகத்தின் இரண்டு பகுதிகளை, அதிர்வைத் தவிர்க்க, தரைக்கு அடியில் கட்ட வேண்டியிருந்தது.

கூட்டம் என்று சொன்னது மனிதர்களை. 2020இல் மக்கள்தொகை 70,000ஐ நெருங்கியது. வெள்ளையர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், ஆசியர், கறுப்பினத்தவர் என எந்தப் பிரிவும் பாதியை எட்டவில்லை. பத்தில் ஏறக்குறைய நான்கு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். 1965இன் குடியேற்றச் சட்டம் ஆசியாவிலிருந்து படித்தவர்களுக்குக் கதவைத் திறந்தது. 1980களின் உள்நாட்டுப் போர் எல் சால்வடோர்காரர்களை வாஷிங்டன் வட்டாரத்துக்குத் துரத்தியது. விஞ்ஞானிகளால் மட்டுமே இந்தக் கலப்பு வந்தது என்று எழுதுவது அநியாயம்.

அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. ஊரை ஒட்டி எமரி குரோவ் என்ற குடியிருப்பு இருந்தது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தை ஒட்டி அதை உருவாக்கினார்கள். அவர்களுக்கென்று தேவாலயம் இருந்தது, திறந்தவெளி வழிபாட்டுக் கூட்டங்கள் நடந்தன. வானாய்வகத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் மூத்த ஊர் அது. புறநகர் வளர்ந்தபோது, 1960களின் இறுதியில் தொடங்கி, ‘நகர்ப்புறப் புதுப்பிப்பு’ என்ற பெயரில் அதன் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். கேதர்ஸ்பர்க்கின் பன்மையைப் பாராட்டி எழுதுகிற எவரும் 1965இலிருந்து தொடங்கக் கூடாது. எமரி குரோவிலிருந்து தொடங்க வேண்டும்.