பல் தடம்

பழையதைப் புதுக்கி வைப்பது நற்செயல் என்றே நாம் அனைவரும் நம்பி வளர்ந்திருக்கிறோம். அந்நம்பிக்கை ஒருமுறை எங்களை நாணச் செய்தது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், எங்கள் மகன் இல்லத்தில் ஒரு கோடையைக் கழித்தோம். அடுத்த வீட்டு முதியவர், மரத்தால் செய்த பழைய தூண்டில் இரைகளைச் சேகரிப்பவர். தம் தந்தையின் தகரப் பெட்டியை அவர் திறந்தபோது, விரல் நீள மர மீன்கள் கண்ணாடிக் கண்களால் எங்களை நோக்கின.

அம்மாநிலத்து டோவாஜியாக் நகரில் வாழ்ந்தவர் ஜேம்ஸ் ஹெடன். தேனீ வளர்ப்பில் பேர் பெற்றவர். ஒருநாள் நண்பருக்காகக் காத்திருந்த வேளையில், செதுக்கிய மரத்துண்டு ஒன்றை அவர் ஆலைக் குளத்தில் எறிய, பெரிய மீனொன்று பாய்ந்து அதைத் தாக்கியதாம். 1894-இல் தோன்றியதாகச் சொல்லப்படும் ஹெடன் நிறுவனத்தின் தொடக்கக் கதை இது.

பழமையை அறியும் வகையையும் முதியவர் கற்பித்தார். கண்ணாடிக் கண்கள் முந்தியவை. தீட்டிய கண்கள் பெரும்பாலும் பிந்தியவை. முள் பிணைந்த விதமும் காலத்தைச் சொல்லும்: ஹெடன் இரைகளில் முதலில் மரத்துள் பதித்த சிறு உலோகக் கிண்ணம், பிறகு ‘எல்’ எழுத்தாய் வளைந்த கம்பி. மேற்பூச்சில் நூலிழை போன்ற வெடிப்புகள் முதுமையின் அடையாளம்.

விடைபெறுமுன் ஒன்றை எங்களுக்கு அன்பளிப்பாக ஈந்தார். பூச்சு உதிர்ந்து, உடலெங்கும் கீறல் விழுந்திருந்தது. அதைப் போற்றும் எண்ணத்தில் உப்புத்தாளால் தேய்த்து, செவ்வண்ணம் பூசி, கூடத்தில் வைத்தோம்.

மறுவாரம் வந்தவர் அதை நெடுநேரம் பார்த்தார்.

“மறுபூச்சு ஏறினால் சேகரிப்பவர்கள் விலை மதிக்கமாட்டார்கள். அது போகட்டும். அந்தக் கீறல்கள் மீன்களின் பல் தடங்கள். அப்பா கையில் தூண்டில் இருந்தபோது விழுந்தவை” என்றார். அவர் குரலில் சினம் இல்லை. எங்களுக்கோ சொல் எழவில்லை.

மன்னிப்புக் கேட்டோம். அவர் எங்கள் கையைப் பற்றினார். பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்து நீட்டினார். “இதைத் துடைக்கக்கூட வேண்டாம்” என்றார்.

இன்று இரண்டும் எங்கள் இல்லத்தில் அருகருகே இருக்கின்றன. வருவோர் சிவப்பு மீனையே புகழ்கின்றனர். நாங்கள் அதைத் திருப்பிக் காட்டுகிறோம். அடிவயிற்றில் ஒரே ஒரு பல் தடம், எங்கள் வண்ணத்துக்கும் மறையாமல், ஆழமாய்ப் பதிந்திருக்கிறது.