குதிரைக்கு இரங்கிய வாரம்

மார்ச் 3, திங்கள்
‘போஜாக் ஹார்ஸ்மேன்’ தொடரில் மனதில் நின்ற எபிசோடுகளை அக்காவோடு மறுபடி பார்க்கிறேன். 2014 முதல் 2020 வரை நெட்ஃபிளிக்ஸில் வந்த கார்ட்டூன். தொண்ணூறுகளில் ஒரு டிவி காமெடியால் புகழ்பெற்று, இப்போது ஹாலிவுட்டில் குடித்தே பொழுதைத் தள்ளும் குதிரை நாயகன். படு சுயநலக்காரன். இருந்தும் அவன் பக்கமே நிற்கிறோம். குதிரைத் தலையும் ஒரு காரணம். மனித முகத்தோடு இத்தனையும் செய்திருந்தால் டிவியை அணைத்திருப்பேன்.

மார்ச் 4, செவ்வாய்
மூன்றாம் சீசன். அந்தப் பழைய காமெடியில் குழந்தையாக நடித்த சாரா லின் போதையை விட்டு ஒன்பது மாதம். இவன் கூப்பிடுகிறான், அவள் வருகிறாள். நாள்கணக்கில் போதை. கடைசியில் கிரிஃபித் கோளரங்கத்தில் அவன் தோளில் சாய்ந்தவள் கூப்பிட்டும் எழவில்லை. திரை இருள்கிறது. செத்தவள் அவள், நாம் அழுவது அவனுக்காக.

மார்ச் 6, வியாழன்
அவன் அம்மா பியாட்ரிஸின் எபிசோட். மறதி நோயை அவள் தலைக்குள்ளிருந்தே காட்டுகிறார்கள்: பின்னால் நிற்பவர்களுக்கு முகம் இல்லை, வேலைக்காரப் பெண்ணின் முகத்தில் பேனாக் கிறுக்கல். கேமராவால் இவ்வளவு சுலபமாக முடியாது. அதுவரை வெறுத்த கிழவிதான். சின்ன வயதில் அவள் பொம்மையை அப்பா நெருப்பில் போடுவதைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. அக்கா மசியவில்லை. “அதுக்காகப் பெத்த பிள்ளைய அப்படியாடா பேசுவா?”

மார்ச் 7, வெள்ளி
ஐந்தாம் சீசனில் தொடர் தன்னையே சந்தேகப்படுகிறது. கதைக்குள் வரும் ஒரு டிவி தொடரில் போஜாக் முரட்டுத் துப்பறிவாளனாக நடிக்கிறான். கெட்டவர்கள் அதைப் பார்த்து ஆறுதல் பட்டுக்கொள்வார்களோ என்று அதற்கு எழுதிய டயானே பதறுகிறாள்.

மார்ச் 9, ஞாயிறு
கடைசி சீசன். சாரா லின் பற்றிய டிவி பேட்டியில் உருக்கமாகப் பேசுகிறான், ஊரே இரங்குகிறது. அந்த ருசி விடவில்லை, இரண்டாவது பேட்டிக்கும் போகிறான். அங்கேதான் குட்டு உடைகிறது: தான் உடனிருந்ததை மறைக்க, 17 நிமிடம் கழித்துத்தான் ஆம்புலன்ஸை அழைத்திருக்கிறான். அப்போது அவளுக்கு உயிர் இருந்தது. மூன்றாம் சீசனில் திரை இருண்டதே, அந்த இருட்டுக்குள் கிடந்தன அந்த நிமிடங்கள். நம் இரக்கம் ஒரு எடிட்டில் விளைந்தது.

அவன் சிறைக்குப் போவதோ தன் பழைய வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்ததற்கு, இதற்கல்ல. அக்காவுக்கு ஆறவில்லை. எனக்கு அதுதான் துணிச்சலாகப் பட்டது. இதற்கென்று சிறையில் தள்ளியிருந்தால், பாவம் என்று மறுபடி அவன் பக்கம் போய் நின்றிருப்போம்.