தண்ணீரில் நிற்பது

2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இருந்த நண்பரின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. புத்தகங்கள், பழைய கடிதங்கள், அச்சேறாத கவிதைகள் கொண்ட ஒரு நோட்டு, எல்லாம் கூழாகிவிட்டன. சேதமில்லாமல் மிஞ்சியது ஜன்னலடியில் இருந்த தொட்டிச்செடி ஒன்றுதான். வண்டலைக் கழுவிவிட்டதும் அன்று வாங்கியதுபோல நின்றது. மகளிடம் கோயம்புத்தூருக்குப் போகும்போது அதை என்னிடம் கொடுத்தார். “நீரு ஒழுங்கான ஆளுல்லா வே, பாத்துக்கிடுவீரு” என்றார்.

நர்சரியில் அதற்குப் பெயர் அம்ப்ரல்லா பாம். பனைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது கோரை, மடகாஸ்கரிலிருந்து உலகத்து வீடுகளுக்கெல்லாம் வந்து சேர்ந்தது. தாவர சாஸ்திரத்தில் சைப்பரஸ் ஆல்டர்னிஃபோலியஸ். எகிப்தியர் எழுதுவதற்குப் பயன்படுத்திய பாப்பிரஸும், நம் வயல்களை விட்டுத் தொலையாத கோரைக்கிழங்கும், பத்தமடையில் பாயாகிற கோரையும் இதன் பங்காளிகள். தண்டின் உச்சியில் குடைக்கம்பிகள்போல விரிந்திருப்பவற்றை இலை என்று நினைக்கிறோம். அவை பூக்களைத் தாங்கும் செதில்கள். நிஜமான இலைகள் தண்டின் அடியில் வெறும் உறைகளாகச் சுருங்கிவிட்டன. இவற்றையெல்லாம் நான் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அப்போது எனக்குத் தெரிந்திருந்தது ஒரு விதி. மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். தட்டில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். ரோஜாவுக்கும் குரோட்டன்ஸுக்கும் பலித்த விதி. கண்டிப்பாகக் கடைப்பிடித்தேன். சித்திரையில் நுனிகள் பழுப்பாயின. நான் தண்ணீரை இன்னும் குறைத்தேன். ஆனி மாதக் காற்று தொடங்கியபோது தண்டுகள் ஒவ்வொன்றாக மடிந்தன. ஞாயிறுதோறும் நண்பர் போனில் செடியை விசாரிப்பார். நன்றாக இருக்கிறது என்பேன்.

கீழ்வீட்டில் குடியிருக்கும் அம்மாள் பத்தமடைக்காரர். அவருடைய தாயார் பாய் நெய்தவர். மாடிக்குத் துணி உலர்த்த வந்தவர் தொட்டியைப் பார்த்து நின்றார். “அண்ணாச்சி, இது கோரைல்லா. இதப் போயி காயப் போட்டிருக்கியளே.” அவர்கள் ஊரில் கோரையைப் பச்சையாகக் கீறி வெயிலில் காயவைப்பார்கள். பிறகு நாட்கணக்கில் ஓடுகிற தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அது உப்பி வளைந்து கொடுக்கிற பதத்துக்கு வந்த பிறகுதான் தறிக்குப் போகும். ஊறாத கோரை முறியும் என்றார். அறுத்துப்போட்ட கோரைக்கே அவ்வளவு தண்ணீர் வேண்டியிருந்தது.

மற்றச் செடிகளின் வேர் நீரில் மூச்சுமுட்டிச் சாகும். கோரையின் தண்டுக்குள் காற்றறைகள் உண்டு. மேலிருந்து காற்று அவற்றின் வழியே வேருக்கு இறங்குகிறது. வெள்ளம் ஏன் அதை ஒன்றும் செய்யவில்லை என்பது அப்போது புரிந்தது. வெள்ளத்தில் பிழைத்ததை என் கவனம் காய வைத்துவிட்டது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1988இல் நண்பரின் முதல் தொகுப்புக்கு ஒரு சிறுபத்திரிகையில் மதிப்புரை எழுதினேன். ஈரம் அதிகம், இறுக்கம் போதாது என்பது அதன் சாரம். அன்று நாங்கள் எல்லோருமே அப்படித்தான் பேசினோம். அவருடைய அடுத்த தொகுப்பு இறுக்கமாக வந்தது. பாராட்டினேன். அதன்பின் அவர் எதையும் வெளியிடவில்லை. வெள்ளத்தில் போன நோட்டை அவர் எனக்குக் காட்டியதே இல்லை.

ஒரு செடியை வைத்துக் கவிதைக்குச் சட்டம் சொல்ல நான் தயாராக இல்லை. ஈரத்தில் அழுகிப்போகும் கவிதைகள் உண்டு, தமிழில் நிறையவே உண்டு. ஆனால் எதிரில் இருப்பது எந்த ஜாதி என்று பார்க்காமல் கையிலிருந்த விதியை நீட்டியிருக்கிறேன். அதைக் கறார் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பச்சை மிச்சமிருந்த ஒரே தண்டின் உச்சியை வெட்டி, செதில்களைப் பாதியாகக் கத்தரித்து, ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். ஆற்றோரங்களில் தண்டு சாய்ந்து தலை நீரைத் தொட்டால் அங்கிருந்தே புதிய செடி கிளம்பும் என்று படித்திருந்தேன். மூன்று வாரத்தில் வெள்ளை வேர்கள் இறங்கின. நடுவிலிருந்து மேல்நோக்கி ஊசிபோல ஒரு முளை வந்தது. இப்போது அது ஜன்னலோரத் தொட்டியில் இருக்கிறது. தொட்டி ஒரு தண்ணீர்ச் சட்டிக்குள் நிற்கிறது. கொசு வராமலிருக்கத் தண்ணீரை அடிக்கடி மாற்றுகிறேன்.

சென்ற ஞாயிறு நண்பரிடம் உண்மையைச் சொன்னேன். சிரித்தார். “வெள்ளத்தையே பாத்த செடிக்குத் தண்ணி குடுக்க யோசிச்சீராக்கும்?” என்றார். மதிப்புரையைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. அந்த நோட்டிலிருந்து ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“இருக்கு வே. உமக்குப் பிடிக்காது” என்றார்.