காத்திருந்து எடுத்த படங்கள்
வேதாகம தேசங்களில் நிழற்படப் பயணிகள்

எகிப்து, இஸ்ரவேல், யோர்தான் ஆகிய நாடுகளைக் காணப் புறப்படும் நம் மக்களின் கையில் கடவுச்சீட்டுக்கு அடுத்தபடியாக இருக்கும் பொருள் கைப்பேசியே. மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் உழைக்கும் குடும்பங்கள் பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்து, வாழ்நாளில் ஒரே ஒருமுறை இப்பயணத்தை மேற்கொள்கின்றன. எட்டு அல்லது பத்து நாட்களில் திரும்பும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பிள்ளைகள் ஒரு படத்தைக் காட்டி, "அப்பா, இது எந்த இடம்?" என்று கேட்டால் பதில் வருவதில்லை. கருவி பார்த்தது, கண் பார்க்கவில்லை.

இதே இடங்களை முதன்முதலாகப் படமெடுத்த மனிதர்கள் ஒரு நாளைக்குச் சில படங்கள் எடுப்பதற்கே பெரும்பாடு பட்டார்கள். அவர்களுடைய உழைப்பையும் பொறுமையையும், அவர்கள் காணத் தவறியவற்றையும் அறிந்துகொண்டால், நாம் செல்லும் பயணம் வேறொன்றாக மாறும்.

பீரங்கிக்கு அஞ்சிய மாலுமி

நிழற்படம் எடுக்கும் முறை 1839-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பாரிஸ் நகரில் உலகுக்கு வெளிப்படுத்தப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே அக்கருவியைச் சுமந்துகொண்டு சிலர் எகிப்து சென்றடைந்தனர். மனிதனுக்குக் கிடைத்த புதிய கண் முதலில் திரும்பிய திசைகளுள் ஒன்று நைல் நதிக்கரை.

1849-ஆம் ஆண்டு மாக்சிம் து கான் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர், பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியரான தம் நண்பர் ஃப்ளோபேருடன் எகிப்துக்குப் புறப்பட்டார். காகிதத்தில் நெகட்டிவ் எடுக்கும் முறையை அவர் கையாண்டார். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம் வரையிலும் ஒளி விழவேண்டியிருந்தது. கோவில்களும் சிலைகளும் எவ்வளவு பெரியவை என்பதைக் காட்டுவதற்கு அவற்றின் அருகே ஒரு மனிதரை நிறுத்த வேண்டும். அதற்காகத் தம் படகில் பணிபுரிந்த ஹாஜி இஸ்மாயில் என்னும் மாலுமியை அவர் அழைத்துச் சென்றார். ஆனால் அம்மனிதரால் அசையாமல் நிற்க இயலவில்லை. எனவே து கான் ஓர் உபாயம் செய்தார். கருவியின் முன்னால் நீண்டிருக்கும் பித்தளைக் குழல் ஒரு பீரங்கி என்றும், அசைந்தால் குண்டு பாயும் என்றும் சொல்லி வைத்தார். மாலுமி கல்லாய் நின்றார். இதை எழுதி வைத்தவரும் து கானே.

அப்பயணத்தின் பலனாக 1852-இல் 125 படங்கள் கொண்ட நூல் வெளிவந்தது. பயண நிழற்பட வரலாற்றில் அது ஒரு மைல்கல். எனினும் படத்தின் ஓரத்தில் சிறு உருவமாய் நிற்கும் அந்த மாலுமியைக் காணும்போது சிரிப்போடு ஒரு வருத்தமும் எழுகிறது. மனிதர் அங்கே மனிதராக அல்ல, அளவுகோலாக நிற்கிறார்.

கொதித்த இரசாயனமும் வௌவால் குகையும்

அடுத்து வந்தவர் ஃபிரான்சிஸ் ஃப்ரித். 1822-இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். லிவர்பூலில் மளிகை வியாபாரம் செய்து பொருளீட்டியவர். 1856-இல் வியாபாரத்தை விற்றுவிட்டு எகிப்துக்குக் கப்பலேறினார். 1860-க்குள் மூன்று முறை எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் அதைச் சுற்றிய பகுதிகளுக்கும் சென்று வந்தார்.

அவர் பயன்படுத்தியது ஈரத் தகட்டு முறை. இன்று விரலால் திரையைத் தொட்டுப் படமெடுக்கும் நாம் அதைச் சற்றுப் பொறுமையோடு அறிந்துகொள்வது நல்லது. முதலில் ஒரு கண்ணாடித் தகட்டைத் தூசியின்றித் துடைக்க வேண்டும். அதன்மேல் ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்த கொலோடியன் என்னும் பசையைச் சமமாகப் பரவும்படி ஊற்ற வேண்டும். பிறகு இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் அமிழ்த்த வேண்டும். ஈரம் காயுமுன் அதைக் கருவியில் பொருத்திப் படமெடுத்து, உடனே மறுபடியும் இருட்டறைக்கு ஓடி உருவத்தை வெளிக்கொணர வேண்டும். தகடு காய்ந்துவிட்டால் எல்லாம் வீண். குளிர்ந்த இங்கிலாந்தில் இதற்குக் கிடைக்கும் சில நிமிடங்கள் பாலைவனத்தில் இன்னும் குறைந்துபோயின. கூடாரத்தினுள் வெப்பம் 110 பாரன்ஹீட் பாகைக்கு மேல் ஏறியபோது, ஊற்றிய கொலோடியன் தகட்டின்மேலேயே கொதித்ததாக ஃப்ரித் எழுதியிருக்கிறார். மணலும் ஈயும் ஈரப் பசையில் ஒட்டிக்கொண்டன. கூடாரத்துக்குப் பதிலாகப் பாறைக் கல்லறைகளின் இருளில் வௌவால்களுக்கிடையே குனிந்திருந்தும் அவர் தகடுகளைத் தயாரித்தார்.

அக்காலத்தில் சிறிய படத்தைப் பெரிதாக்கும் வசதி நடைமுறையில் இல்லை. பெரிய படம் வேண்டுமானால் அதே அளவில் பெரிய தகடும் பெரிய கருவியும் வேண்டும். ஃப்ரித் கொண்டுசென்ற மூன்று கருவிகளில் பெரியது 16 அங்குல அகலமும் 20 அங்குல நீளமும் உள்ள தகடுகளை ஏற்றது. கண்ணாடிகள், இரசாயனக் குப்பிகள், கருவிகள் அனைத்தும் படகிலும் விலங்குகளின் முதுகிலும் உடையாமல் செல்ல வேண்டும். இருட்டறையாகவும் படுக்கையறையாகவும் பயன்படும்படி பிரம்பால் பின்னிய வண்டி ஒன்றையும் அவர் செய்துவைத்திருந்தார். மூடிய அவ்வண்டிக்குள் வெள்ளைக்காரருடைய மனைவிமார் இருக்கிறார்கள் என்று வழியிலிருந்தவர்கள் பேசிக்கொண்டதாக அவரே வேடிக்கையாகக் குறிப்பிடுகிறார்.

இவ்வளவு சிரமத்தில் ஒரு படம் எடுப்பவர் எதையாவது எடுத்துவைப்போம் என்று எண்ண மாட்டார். கருவியை எங்கே நிறுத்துவது, நிழல் எப்பொழுது விலகும், எந்தத் தூண் எதை மறைக்கும் என்று நடந்து நடந்து பார்ப்பார். படமெடுக்குமுன்பே அந்த இடம் அவருடைய மனதில் பதிந்துவிடும்.

ஆளில்லாத தெருக்கள்

எருசலேமுக்கு வருவோம். இன்று எஞ்சியுள்ள எருசலேம் படங்களில் மிகப் பழையவை, ழிரோ து பிராஞ்சே என்னும் பிரெஞ்சுக்காரர் 1844-இல் வெள்ளி பூசிய தகடுகளில் எடுத்தவை. 1854-இல் ஓகுஸ்த் சால்ஸ்மன் என்பவர் வந்தார். நகரத்தின் பழைய மதில்கள் எக்காலத்தவை என்று அறிஞர்களுக்குள் எழுந்த வாக்குவாதத்தில் கற்களையே சாட்சியாக நிறுத்த விரும்பி, மதில்களை அடுக்கடுக்காய்ப் படமெடுத்தார்.

இப்படங்களைக் கூர்ந்து பார்ப்பவர் ஒன்றைக் கவனிப்பார். தெருக்களில் பெரும்பாலும் ஆட்களே இல்லை. நகரம் பாழாய்க் கிடந்ததா? இல்லை. அங்கே பல்லாயிரம் பேர் வாழ்ந்துகொண்டிருந்தனர். ஒளி நெடுநேரம் விழ வேண்டியிருந்ததால், நடந்து சென்றவர்கள் தகட்டில் பதியவில்லை. கல் பதிந்தது, தண்ணீர்க் குடம் சுமந்து சென்ற பெண் பதியவில்லை. ஐரோப்பாவில் இப்படங்களைக் கண்ட பலர், அது மக்களற்ற பழங்கால நாடு என்னும் எண்ணத்தை வளர்த்துக்கொள்ள இவையும் இடமளித்தன.

பின்னர்க் கருவிகள் வேகம் பெற்றபோது வேறொரு குறை தோன்றியது. பெய்ரூட்டில் 1867-இல் நிலையம் அமைத்த போன்ஃபில்ஸ் குடும்பத்தார் போன்றோர், உள்ளூர் மக்களை நிறுத்திவைத்து ரூத்தும் போவாசும் போன்ற வேதாகமக் காட்சிகளைப் படமாக்கி விற்றனர். வயலில் வியர்வை சிந்தி அறுவடை செய்தவர்கள் நாடகப் பாத்திரங்களானார்கள். நாமும் அங்கே செல்லும்போது ஒரு மேய்ப்பரையோ, அப்பம் சுடும் மூதாட்டியையோ "வேதாகமக் காலத்து ஆள்" என்று எண்ணிக் கேளாமலே படமெடுத்துவிடுகிறோம். அவர்கள் இக்காலத்தவர்; பெயரும் பிள்ளைகளும் கவலைகளும் உள்ளவர்கள். அனுமதி கேட்பதற்கு ஒரு புன்னகையும் ஒரு கையசைப்பும் போதும்.

வெட்டுக்கிளிகளோடு சில மாதங்கள்

இக்குறையை ஓரளவு நீக்கியவர்கள் எருசலேமிலேயே தங்கி வாழ்ந்தவர்கள். 1873-இல் கப்பல் விபத்தில் நான்கு புதல்விகளை இழந்து, அத்துயரத்தினூடே உலகமெங்கும் சபைகளில் பாடப்படும் ஒரு பாடலை எழுதிய ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டும் அவர் மனைவி ஆனாவும் 1881-இல் எருசலேமில் குடியேறினர். அவர்களோடு சேர்ந்து வாழ்ந்த குழு "அமெரிக்கன் காலனி" எனப்பட்டது. 1898-இல் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியம் எருசலேமுக்கு வந்தபோது அவ்வருகையைப் படமெடுத்ததிலிருந்து அக்குழுவின் நிழற்படப் பிரிவு வளர்ந்தது. அதைத் தொடங்கிய எலியா மேயர்ஸ் இந்தியாவிலிருந்து சென்றவர். யூதராய்ப் பிறந்து கிறிஸ்தவரானவர்.

1915-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெட்டுக்கிளிகள் அந்நாட்டின்மேல் வந்திறங்கின. உலகப் போரின் நடுவே வந்த பேரழிவு அது. 15 வயது முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் ஒவ்வொருவரும் 20 கிலோ முட்டைகளைச் சேகரித்துத் தரவேண்டும் என்று துருக்கிய அரசு ஆணையிட்டது. லூயிஸ் லார்சனும் உடன் உழைத்தவர்களும் ஒரே நாளில் இரண்டு படம் எடுத்துவிட்டுப் போகவில்லை. முட்டை, இறகில்லாத குஞ்சு, ஊர்ந்து செல்லும் கூட்டம், இறகு முளைத்த கிளி என ஒவ்வொரு பருவத்துக்கும் பல மாதங்கள் காத்திருந்து பதிவு செய்தனர். இலைகள் நிறைந்த அத்திமரத்தையும், அதே மரம் பட்டையுரிந்து வெளுத்து நின்றதையும் எடுத்தனர். யோவேல் தீர்க்கதரிசியின் புத்தகத்தை வாசிப்பவர் எவரும் இப்படங்களின் முன் ஒருகணம் நின்றுவிடுவார்.

அக்குழுவில் வளர்ந்த எரிக் மேட்சனும் அவர் மனைவி ஈடித்தும் இப்பணியைத் தொடர்ந்து, 1946-இல் அமெரிக்கா சென்றனர். 22,000-க்கும் அதிகமான நெகட்டிவ்களும் படங்களும் கொண்ட அத்தொகுப்பு இன்று வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளது. இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பயணம் செல்லுமுன் குடும்பமாக ஒரு மாலைப்பொழுதை இதற்குச் செலவிடுவது வீணாகாது.

ஒலிவமலையில் விடியற்காலை

சுற்றுலாப் பேருந்து ஒலிவமலையில் பெரும்பாலும் இருபது நிமிடமே நிற்கிறது. பிற்பகலில் நின்றால் சூரியன் நகரத்தின் பின்னால் மேற்கே இருக்கும். மதில் இருண்டும் வானம் வெளுத்தும் காணப்படும். எனவே எங்கள் குழுவில் விருப்பமுள்ளவர்கள் மறுநாள் விடியுமுன் மறுபடியும் அங்கே ஏறினோம்.

சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் எழும்புகிறது. ஒலிவமலையின் நிழல் நகரத்தின்மேல் நீண்டு கிடக்கும். முதலில் மேற்குப் பகுதியிலுள்ள உயர்ந்த கோபுரங்கள் மட்டும் வெளிச்சம் பெறும். பிறகு பொன்வண்ணக் குவிமாடம். அதன்பின் கீழ்த்திசை மதிலும் அடைபட்ட பொன்வாசலும். கடைசியாக மலைச்சரிவிலுள்ள கல்லறைகளின் வழியே வெளிச்சம் கீதரோன் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. கட்டடங்களின் முகப்பு உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லால் அமைய வேண்டும் என்னும் விதி 1918-இல் ஆங்கிலேயர் காலத்தில் வந்ததாதலால், நகரமே ஒரே நிறத்தில் ஒளிர்கிறது. அரைமணி நேரத்துக்கும் அதிகமாக நின்றோம். அங்கே நான் எடுத்தவை ஐந்து படங்கள். ஒவ்வொன்றிலும் நிழல் எங்கே நின்றது என்பதை இன்றும் சொல்ல இயலும்.

சீனாய் மலையேற்றம் இன்னும் கடினமானது. பாரம்பரியமாகச் சீனாய் என்று கருதப்படும் ஜெபல் மூசாவின் உயரம் 2,285 மீட்டர். சூரிய உதயத்தை உச்சியில் காண விரும்புவோர் நள்ளிரவு கழிந்ததும் கைவிளக்குடன் நடக்கத் தொடங்குகின்றனர். இறுதியில் சுமார் 750 கற்படிகள். குளிர்காலத்தில் கைவிரல் மரத்துப்போகும். குளிரில் பேட்டரியும் விரைவில் இறங்கிவிடும். கருவியை உட்சட்டைப் பையில் உடம்போடு சேர்த்து வைத்திருப்பதே வழி. மூச்சு வாங்குகிறவர்கள் அடிவாரத்திலுள்ள மடத்தின் அருகேயே இருந்து, செம்பாறைகள்மேல் வெயில் இறங்குவதைக் காணலாம். அதுவும் குறைந்த காட்சியன்று.

செல்வோர் கவனத்திற்கு

2023 அக்டோபரில் தொடங்கிய போருக்குப்பின் இப்பகுதியின் பயண ஏற்பாடுகள் பலமுறை மாறியுள்ளன. வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பார்த்த பின்னரே முன்பணம் கட்டுங்கள். எருசலேமின் மேற்கு மதிலருகே வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு வரை ஓய்வுநாளில் படமெடுக்கக் கூடாது. சீனாயிலுள்ள பரிசுத்த கத்தரீனாள் மடத்து ஆலயத்தினுள்ளும் அனுமதியில்லை. சோதனைச் சாவடிகளையும் இராணுவத்தினரையும் படமெடுக்காதீர்கள்.

ஓரிடத்தில் இறங்கியதும் முதல் ஐந்து நிமிடம் கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, யார் நடமாடுகிறார்கள், என்ன ஓசை கேட்கிறது என்று பாருங்கள். பிறகு எடுங்கள். அன்றிரவே நல்லவற்றைத் தெரிந்துகொண்டு, இடத்தின் பெயரையும் நாளையும் குறித்து வையுங்கள். ஊர் திரும்பியதும் இருபது படங்களையாவது அச்சிட்டு, பின்புறத்தில் எழுதி, ஊரிலிருக்கும் பெற்றோருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். கைப்பேசி தொலையும்; காகிதம் தலைமுறை காணும்.

இதற்கு ஒரு சாட்சி உண்டு. ஒடெசாவில் பிறந்து எருசலேமில் கடிகாரம் பழுது பார்த்துவந்த மெண்டல் டினெஸ் என்னும் யூதர் 1849-இல் கிறிஸ்தவரானார். நிழற்படக்கலையைக் கற்று, எருசலேமிலேயே வாழ்ந்து அதைத் தொழிலாகச் செய்த முதல் மனிதர் என்று ஆராய்ச்சியாளரால் கருதப்படுகிறார். பின்னர் அமெரிக்கா சென்று, பெயரை மாற்றிக்கொண்டு, பிரசங்கியாராய் ஊழியம் செய்து 1900-இல் மறைந்தார். அவருடைய நிழற்படப் பணியை உலகம் மறந்தது. 1989-இல் மினசோட்டா மாநிலத்தில் ஒரு வீட்டில் பழைய சாமான்களை விற்றபோது, சில பெட்டிகளில் அவருடைய கண்ணாடித் தகடுகள் கிடைத்தன. சுமார் 130 ஆண்டுகளுக்குமுன் ஒரு கடிகாரக்காரர் நின்று, காத்திருந்து, பதித்த எருசலேம் அப்படியே இருந்தது.

பிரியமானவர்களே, உங்கள் பயணப் படங்களில் பத்துப் படங்களாவது அத்தகைய கவனத்தோடு எடுக்கப்பட்டவையாக இருக்கட்டும். போக்கிலும் வரத்திலும் கர்த்தர் உங்களைக் காப்பாராக.